பாட்டியின் வெள்ளையும் தலைக்குப் பின்னால் இருக்கும் மஞ்சளும்

நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்தில், ஹட்டி என்று சொல்லும் படுகர் ஊர் ஒன்றில், என் நண்பருடைய பூர்வீக வீட்டு முன்னறையில் ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் மாட்டியிருக்கிறது. நண்பரின் அப்பாவைப் பெற்ற பாட்டி. படுகர் வீடுகளில் மூத்தவர்களின் புகைப்படங்கள் வரிசையாகத் தொங்குவது சகஜம். கேன்வாஸில் வரைந்து மாட்டியதாக நான் பார்த்தது இந்த ஒன்றைத்தான். வரைந்தவர் பெயர் பெற்ற ஓவியர் இல்லை. கீழ் மூலையில் உள்ள கையெழுத்தைப் படிக்க முடியவில்லை. பக்கத்தில் 68 என்ற எண் மட்டும் தெரிகிறது. கீழே சமவெளியில் சினிமா பேனர் வரைந்துகொண்டிருந்த ஒருவர், சீசனுக்கு மேலே வந்து இப்படிப் படம் போட்டுக் கொடுப்பார் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அக்குளுக்குக் கீழே இறுகச் சுற்றிய வெள்ளைத் துணி, தோளை மூடி இன்னொரு வெள்ளைத் துணி, தலையில் நெற்றியை ஒட்டிக் கட்டிய வெள்ளைத் துணி. நெற்றியில் பச்சை குத்திய புள்ளிகள். காதில் தங்கம், மணிக்கட்டில் வெள்ளிக் காப்பு. வலது கையில் ஒரு சிவப்புப் பூ. பின்னால் முழுக்கக் கரும்பச்சை. தலையைச் சுற்றி மட்டும் அழுக்குப் படிந்த மாதிரி ஒரு மஞ்சள்.

நண்பரின் உறவுக்காரப் பெண் ஒருத்தி சென்னையில் டிசைன் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் இந்தப் படத்தை ஒரு போட்டோ எடுத்து, விளக்கம் எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டாள். வெள்ளை, கணவரை இழந்த வெறுமை. கரும்பச்சை, காட்டுக்குள் அடைபட்ட வாழ்க்கை. மஞ்சள், நோய். கையில் ரோஜா, சொல்லாமலே போன ஆசை. நன்றாகத்தான் எழுதியிருந்தாள். நிறையப் பேர் இதயம் போட்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், "சார், நீங்க பாத்து சொல்லுங்க" என்று என்னிடமும் காட்டினாள். அப்போது சொன்னதையும், அதற்கப்புறம் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்ததில் தெரிந்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வெள்ளை. அந்தப் படம் போட்டபோது தாத்தா உயிரோடு இருந்தார். "அப்பா அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் இருந்தாங்களே" என்று நண்பரின் அத்தை, அதாவது படத்தில் இருப்பவரின் மகள், அந்தப் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். படுகப் பெண்களுக்கு முண்டும் துண்டும் தலையில் கட்டும் 'பட்டு' என்ற துணியும் வெள்ளைதான். கல்யாணமானவர், ஆகாதவர், கணவரை இழந்தவர் என்று அதில் பிரிவு கிடையாது. கணவரை இழந்தவர் மறுமணம் செய்துகொள்வதற்குப் பழைய காலத்திலிருந்தே இந்தச் சமூகத்தில் தடையும் இருந்ததில்லை. ஒருத்தியை ஒதுக்கி அடையாளம் காட்டுவதற்கு ஒரு நிறம் வேண்டும் என்ற தேவையே இங்கே எழவில்லை. சமவெளிக்காரர்கள் கழுத்தில் தாலியைத் தேடுவார்கள். பழைய படுக வழக்கப்படி கழுத்தில் கண்ணி என்ற நூலைக் கட்டுவதே முதல் கர்ப்பத்தின்போதுதான். ஆக, நெற்றி, கழுத்து, சேலை என்று நாம் வழக்கமாக ஒரு பெண்ணைப் படிக்கிற மூன்று இடமும் இந்தப் படத்தில் வேறு கணக்கில் இருக்கின்றன.

மார்கழி, தை வாக்கில் பேரகணியில் நடக்கும் ஹெத்தையம்மன் பண்டிகையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆணும் பெண்ணுமாக வெள்ளை உடுத்திக்கொண்டு ஊர் ஊராக நடந்து வருவார்கள். ஹெத்தை அவர்களுக்கு மூதாய், பாட்டி, தெய்வம் மூன்றும். அவள் முன்னால் நிற்க உடுத்துவதும் வெள்ளை, பாட்டிமார் அன்றாடம் தேயிலைக்கு மருந்தடிக்கிற இடத்தைப் பார்வையிடப் போகும்போது உடுத்தியதும் வெள்ளை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மஞ்சளுக்கு வரும்போது தேவைப்படும்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். நிறத்துக்கு அர்த்தம் சொல்லும் பழக்கம் நம் எல்லாருக்கும் காலண்டரிலிருந்து வந்தது. சரஸ்வதிக்கு வெள்ளை, லட்சுமிக்குச் சிவப்பு என்று ரவி வர்மா வரைந்தார். 1894இல் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து அந்தப் படங்கள் வீடு வீடாகப் போயின. ஆனால் அதே ரவி வர்மா 1893இல் தன் மகளை மாடலாக வைத்து வரைந்த 'அதோ அப்பா வருகிறார்' என்ற படத்தைப் பாருங்கள். கைக்குழந்தையோடு, கணவன் வரும் திசையைப் பார்த்து நிற்கிற பெண். அவளும் வெள்ளைதான் உடுத்தியிருக்கிறாள், கேரளத்து முண்டு. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வெள்ளைக்கு இருந்த துக்கம் போய்விடுகிறது. ஐரோப்பாவிலோ தலைகீழ்: ஒரு காலத்தில் பிரெஞ்சு அரசிகளுக்கு வெள்ளையே துக்க உடை. ஸ்காட்லாந்து ராணி மேரி, மாமனார், தாய், கணவன் என்று அடுத்தடுத்துப் பறிகொடுத்த 1560ஐ ஒட்டிய காலத்தில் வெள்ளை முக்காட்டோடு இருக்கும் சித்திரத்தை பிரான்சுவா க்ளுவே வரைந்திருக்கிறார்.

எனக்குப் பிடித்த கதை விஸ்லருடையது. 1862இல் அவர் ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால் வெள்ளை உடையில் ஒரு பெண்ணை நிற்க வைத்து வரைந்தார். கையில் ஒரு லில்லிப் பூ, காலடியில் விலங்குத் தோல். லண்டனில் ராயல் அகாதெமி வேண்டாம் என்றது, அடுத்த வருடம் பாரிஸில் அரசாங்கக் கண்காட்சியும் வேண்டாம் என்றது. கடைசியில் நிராகரிக்கப்பட்ட படங்களுக்கென்றே நடந்த கண்காட்சியில் வைத்தார்கள். கூட்டம் கூடியது. ஆளாளுக்கு அர்த்தம்: முதலிரவுக்கு மறுநாள் காலையின் மணப்பெண் என்றார் ஒருவர், பேய் என்றார் இன்னொருவர், அந்தச் சமயம் பிரபலமாயிருந்த ஒரு நாவலின் கதாநாயகி என்றார்கள் சிலர். நாவல் பேச்சு 1862இலேயே லண்டனில் கிளம்பியபோது விஸ்லர் பத்திரிகைக்கே கடிதம் எழுதியிருந்தார்: வெள்ளை உடை உடுத்திய பெண் வெள்ளைத் திரைக்கு முன் நிற்கிறாள், அவ்வளவுதான் என்று. பின்னாளில் அதற்கு 'வெள்ளையில் ஒரு சிம்பனி' என்று பெயர் வைத்தது, ஆளை விட்டுவிட்டு நிறத்தைப் பாருங்கள் என்பதற்காக. ஆனால் மனிதர் முழு உண்மையைச் சொன்னாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒன்றுமே சொல்ல வேண்டாம் என்பவர் கையில் எதற்கு லில்லிப் பூ?

அந்தக் கேள்வியோடுதான் நம் பாட்டியின் பூவுக்கும் வர வேண்டும். அதற்கு முன்னால் வெள்ளையில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

வெள்ளைத் துணியை வெள்ளை நிறத்தால் வரைய முடியாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். மடிப்பின் மேல் விளிம்பில் கொஞ்சம்தான் சுத்த வெள்ளை. மற்றதெல்லாம் சாம்பல், நீலம், ஊதா, பழுப்பு. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். மூட்டம் போட்ட நாளில் இங்கே வரும் வெளிச்சத்துக்குத் திசையே இருக்காது. நிழல் கறுக்காமல் நீலமாக நிற்கும். இந்த ஓவியர் அதைப் பிடித்திருக்கிறார். மடியில் விழுந்த மடிப்புகளில் ப்ரஷ்யன் ப்ளூவைத் துளி கலந்து இழுத்திருக்கிறார். தோளில் மட்டும் வெள்ளையைக் கட்டியாக அப்பியிருக்கிறார். அந்த இடம் இப்போது பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. ஜிங்க் ஒயிட்டாகத்தான் இருக்க வேண்டும், எண்ணெயில் அது வருடம் போகப் போக இறுகி இப்படி நொறுங்கும். "வெறுமையால் விரிசல் விட்ட வெள்ளை" என்று அந்தப் பெண் எழுதியிருந்த வரி இதைத்தான்.

சுற்றுலாவுக்கு விற்கிற படங்களில் இந்தப் பொறுமையைப் பார்க்க முடியாது. தோடர் பெண் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி என்ற போர்வை வெள்ளை. அதில் எந்த வரைபடமும் இல்லாமல் இழையை எண்ணி எண்ணிச் சிவப்பிலும் கறுப்பிலும் தைப்பார்கள். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலைப்பாடு. ஊட்டியில் விற்கும் படங்களில் அதே பட்டை மஞ்சளும் ஊதாவுமாக வந்துவிடுகிறது. வாங்குகிறவர்கள் அந்த மஞ்சளுக்கும் ஓர் அர்த்தம் வைத்திருப்பார்கள்.

சரி, படத்துக்கு வருவோம். நண்பரின் அனுமதியோடு அதை இறக்கி ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்துப் பார்த்தேன். மடியில் வண்ணம் மெல்லிசாக இருக்கும் இடத்தில் பென்சில் கோடுகள் தெரிந்தன. குறுக்கும் நெடுக்கும் ஒரே அளவில் கட்டம். பேனர் வரைகிறவர்களின் வழக்கம் இது: சின்னப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, பெரிய துணியிலும் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் மாற்றுவார்கள். அப்படியானால் பாட்டி உட்கார்ந்து வரைந்த படம் இல்லை இது, போட்டோவைப் பார்த்து வரைந்தது. அத்தையைக் கேட்டேன். ஆமாம், ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்தது, ஓவியர் அதைத்தான் வாங்கிக்கொண்டு போனார் என்றார்.

இது எனக்கு முக்கியமாகப் பட்டது. கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஓவியருக்குச் சொல்லக்கூடிய ஒரே நிறம் அந்தத் துணியின் வெள்ளை. மற்ற எல்லாம், தோலின் நிறம், பின்புறத்துப் பச்சை, தலையைச் சுற்றிய மஞ்சள், அவர் யோசித்து வைத்தவை. பச்சை குத்திய புள்ளிகள்கூடப் போட்டோவில் கறுப்பாகத்தான் இருந்திருக்கும். அவர் நீலப் பச்சையில் வைத்திருக்கிறார், நேரில் பார்த்தவர் கை அது. கன்னத்து நிழலில் லேசாக ஊதா ஓடுகிறது, அது பேனர் பழக்கம்; நாற்பதடி உயரத்தில் இருக்கும் முகம் ரோட்டிலிருந்து தெரிய வேண்டும் என்றால் நிழலில் ஊதாவும் பச்சையும் அடித்தால்தான் எடுக்கும். இவர் அதை அடக்கி வாசித்திருக்கிறார். எனவே, வெள்ளைக்கு அர்த்தம் தேடியது வீண் என்றாலும், மற்ற நிறங்களுக்குத் தேடுவது வீண் வேலையாகாது.

கரும்பச்சையில் எனக்குப் பெரிதாக ஒன்றும் படவில்லை. முகத்தை முன்னுக்குக் கொண்டுவர ஸ்டுடியோக்காரர்களும் பேனர்காரர்களும் செய்வதுதான். அத்தை அதைத் தேயிலை என்கிறார். இருக்கட்டும்.

பூ விஷயம் வேறு. அதன் ஓரத்தில் நகத்தை வைத்தால் மேடு தட்டும். அடியில் துணியின் மடிப்புக்கு இழுத்த பிரஷ் தடம் பூவுக்குள்ளும் தொடர்ந்து ஓடுகிறது. மடியை முழுக்க வரைந்து, காய்ந்த பிறகு மேலே வைத்த பூ இது. சிவப்பு இடது பக்கம் இன்னும் ஆழமாகவும், ஜன்னல் வெயில் படும் வலது பக்கம் வெளிறி ரோஜா நிறமாகவும் இருக்கிறது. கிரிம்சன் வகைச் சிவப்புகள் வெயிலுக்குத் தாங்காது. ரோஜா என்று அந்தப் பெண் நினைத்ததற்கு அந்த வெளிறல் ஒரு காரணம். ஆனால் இலையைப் பார்த்தால் ரோஜா இல்லை. நீள இலை, ஓரத்தில் பல் இல்லை, ஓர் இலை திரும்பி அடிப்பக்கம் தெரிகிறது; அங்கே ஓவியர் துருப் பழுப்பு நிறம் தடவியிருக்கிறார். சோலை ஓரங்களில் கொத்துக் கொத்தாகச் சிவந்து பூக்கிற காட்டுப் பூவரசின் இலைக்குத்தான் அடியில் அப்படித் துருப் பிடித்த மாதிரி இருக்கும். சமவெளியிலிருந்து வந்தவர் இதை மனதிலிருந்து வரைந்திருக்க முடியாது. கிளையை முன்னால் வைத்து வரைந்திருக்கிறார். மொத்தப் படத்திலும் நேரில் பார்த்து வரைந்த பொருள் அந்தப் பூ ஒன்றுதான்.

அத்தைக்கு ஞாபகம் இருந்தது. "படம் கொண்டாந்து காட்டினப்ப அம்மா பாத்துட்டு, கை சும்மா கெடக்குதே, வேலையில்லாதவ மாதிரி இருக்குன்னாங்க. தம்பி போய் அந்தப் பூவை ஒடிச்சுட்டு வந்தான்."

இதைச் சொன்னதும் அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. வாட வேண்டியதில்லை என்றேன். குறுந்தொகையின் முதல் பாட்டே மலையும் சிவப்புப் பூவும்தான். போர்க்களம் சிவப்பு, அம்பு சிவப்பு, யானைத் தந்தம் சிவப்பு, முருகன் சிவப்பு என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் எங்கள் குன்றமே குருதி நிறக் காந்தளால் நிறைந்தது என்று முடிகிறது. பூவைக் கையுறையாக, அதாவது காதலிக்குப் பரிசாக, கொண்டுவந்து நிற்கிறான் தலைவன். தோழி வேண்டாம் என்கிறாள், இது எங்களிடமே நிறைய இருக்கிறது என்று. சிவப்புப் பூ என்றால் காதல் என்று ஒரு பட்டியலை வைத்துப் படித்தால் இந்தப் பாட்டு நழுவிவிடும். அந்தப் பூ அந்த மலையில் மலிந்து கிடக்கிறது என்று தெரிந்தால்தான் அவள் மறுப்பதன் மிடுக்கு புரியும். நம் பழைய இலக்கணக்காரர்கள் உள்ளுறையை, அதாவது ஒன்றைச் சொல்லி இன்னொன்றை உணர்த்துவதை, நிலத்தின் கருப்பொருளில் வைத்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். மரம், பூ, விலங்கு, தொழில் எல்லாம் முதலில் அந்த நிலத்துடையவை. அதற்குப் பிறகுதான் அவை வேறொன்றைச் சொல்லும். பாட்டியின் கையில் இருப்பதும் அப்படி. ஸ்டுடியோவில் எடுத்து, கீழ்நாட்டு ஓவியர் வரைந்த படத்துக்குள் தன் மலையிலிருந்து ஒரு கிளையை வைக்கச் சொன்னவர் அவர். சொல்லாமல் போன ஆசை என்று அதை எழுத முடியாது. வாய்விட்டே சொல்லியிருக்கிறார்.

பாக்கி இருப்பது மஞ்சள்.

வீட்டில் எல்லாரும் அதை அழுக்கு என்றே நினைத்தார்கள். கணப்பிலிருந்து புகை, எண்ணெய் பழுத்த கறை என்று காரணமும் சொன்னார்கள். ஆளிவிதை எண்ணெய் இருட்டறையில் மஞ்சள் பாயும், அது உண்மைதான். ஆனால் பாய்ந்தால் தலையில் கட்டிய வெள்ளையிலும்தானே பாய வேண்டும்? அது ஓரளவு வெளுப்பாகவே இருக்கிறது. புகை படிந்தாலும் தலையைச் சுற்றி வட்டம் போட்டுப் படியாது.

மொபைல் டார்ச்சைப் படத்துக்குப் பக்கவாட்டில், கேன்வாஸை உரசுகிற மாதிரி பிடித்துப் பார்த்தேன். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் அப்படிப் பிடித்தால் நிழல் விட்டு எழுந்து வரும். பச்சை முழுக்க மேலிருந்து கீழே இழுத்த பட்டைப் பிரஷ். இடது தோளிலிருந்து மஞ்சள் தொடங்கும் இடத்தில் பிரஷ் திரும்புகிறது. தலைக்கட்டை ஒட்டியே வளைந்து, உச்சியைச் சுற்றி, வலது தோளில் வந்து இறங்குகிறது. ஒரே வீச்சில் முடியாமல் உச்சியில் ஒரு தரம் எடுத்து வைத்திருக்கிறார். அங்கே மட்டும் சின்ன வரப்பு மாதிரி வண்ணம் நிற்கிறது. எல்லோ ஓக்கர், கொஞ்சம் வெள்ளை கலந்தது. வேண்டுமென்றே வரைந்தது, சந்தேகமே இல்லை.

ஜன்னல் வெளிச்சம் என்று சொல்லலாம்தான். ஆனால் ஜன்னல் வட்டமாக இருக்காது. பேனர் வேலைக்கு நடுவே அம்மன் படமும் திருவிழாத் தட்டியும் வரையாத ஓவியர் அந்தக் காலத்தில் அநேகமாக இல்லை. தெய்வத்தின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டுப் பழகிய கை, உச்சியிலிருந்து நெற்றி வரை வெள்ளை கட்டிய ஒரு முதியவளின் தலையைப் பார்த்ததும் தானாகவே சுற்றியிருக்கலாம். அல்லது சீசனுக்கு மேலே வந்து போனவர் ஹெத்தையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். இதில் எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. தாத்தாவையும் அவரே தனியாக வரைந்திருக்கிறார், அந்தப் படம் நண்பரின் சித்தப்பா வீட்டில் இருக்கிறது. அங்கே பச்சை மட்டும்தான், வட்டம் இல்லை. உள்ளுறைக்குத் தெய்வத்தைக் கருப்பொருளாக எடுக்கக் கூடாது என்று தொல்காப்பியம் விலக்கி வைத்திருக்கிறது. நான் மஞ்சளுக்குள் தெய்வத்தைப் பார்ப்பதை அந்தக் காலத்து ஆட்கள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் பாட்டியும் தெய்வமும் ஒரே துணியை உடுத்துகிற ஊரில் ஓர் ஓவியர் என்னதான் செய்வார்?

இதையெல்லாம் நான் இவ்வளவு மெனக்கெட்டுப் பார்த்ததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. படத்தைச் "சுத்தம் செய்து" தருவதாக ஒருவர் சொல்லியிருந்தார். ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் மஞ்சள் போய்விடும், வெள்ளை பளிச்சென்று வரும் என்றாராம். போயிருக்கும்தான், ஓவியர் வைத்த வட்டத்தோடு சேர்ந்து போயிருக்கும். நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லி, இரண்டு வேலை மட்டும் செய்யச் சொன்னேன். ஜன்னல் வெயில் படாத சுவருக்கு மாற்றுவது ஒன்று. பிரேமின் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் கேன்வாஸுக்கும் நடுவே காற்றுப் போக இடம் விடுவது இன்னொன்று. மழை மாதங்களில் இந்த ஊர்ச் சுவர் விடுகிற ஈரத்துக்குப் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அது போதும். வெடித்த ஜிங்க் ஒயிட்டை, முறையாகப் பயிற்சி எடுத்த ஆள் கிடைக்கிறவரை யாரும் தொட வேண்டாம்.

அந்தப் பெண் தன் பதிவைத் திருத்திப் போட்டாள். முதல் பதிவுக்கு வந்த இதயங்களில் பாதிகூட வரவில்லை என்றாள். வெள்ளை விதவை விற்கிற அளவுக்குக் காட்டுப் பூவரசு விற்காது போல.

இதற்கிடையில் கோயம்புத்தூரில் இருக்கும் பேரன் ஒருவர், படத்தை ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் நிறத்தைத் தூக்கி, பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார். வெள்ளை கண்ணைப் பறிக்கிறது, மடிப்பில் இருந்த நீலம் போய்விட்டது, மஞ்சள் வட்டமும் இல்லை, பூ கருஞ்சிவப்பு. அத்தைக்கு அந்தப் பிரிண்ட்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. இப்போதுதான் அம்மா குளித்துத் துவைத்து உடுத்தின மாதிரி இருக்கிறாராம்.